மே தினத்துக்கு ஒரு மைதானம்

(ஸ்ரீபெரும்புதூரில், மே தினத்தை முன்னிட்டு நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாளைத் தமக்குரிய நாளென்று ஜனங்கள் கொண்டாடத் தொடங்குவது ஒரு சம்பவம்; அந்தக் கொண்டாட்டத்தை ராஜாங்கம் தன் ஏட்டில் எழுதி முத்திரையிட்டு ஒப்புக்கொள்வது வேறொரு சம்பவம்; இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் காலம் சில வேளைகளில் ஒரு மனிதனின் உழைக்கும் ஆயுளைக் காட்டிலும் நீண்டுவிடுகிறது. சென்னைப் பட்டணத்துக்கும் மே மாதம் முதல் தேதிக்கும் உள்ள சம்பந்தத்தைச் சர்க்கார் எவ்வெவ்விதமாக அங்கீகரித்தது, அந்த அங்கீகாரம் எங்கே வந்து நின்றுவிட்டது, பட்டணத்துக்கு மேற்கே 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நமக்கு அதில் என்ன பாத்தியதை என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம்.

1923ஆம் ஆண்டு மே முதல் தேதி சென்னைக் கடற்கரையில் இரண்டு கூட்டங்கள் நடந்தன. ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரேயிருந்த கடற்கரையில். மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். கூட்டியவர் ம. சிங்காரவேலர். 1860இல் மீனவர் குலத்தில் பிறந்து, படித்து வக்கீலாகி, ஒத்துழையாமை இயக்கம் வந்தபோது அந்த வக்கீல் அங்கியைப் பகிரங்கமாகக் கொளுத்திவிட்டு, பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களின் 1921ஆம் வருஷத்துப் போராட்டத்தில் முன்னின்ற அவருக்கு அப்போது 63 வயது. நம்மில் பலர் பென்ஷன் கணக்குப் பார்த்துக்கொண்டு திண்ணையில் அமரும் வயதில், அந்த மனிதர் இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சி என்ற ஒன்றை அன்றைய தினமே ஸ்தாபித்தார். இந்தியாவிலே மே தினம் கொண்டாடப்பட்டது அதுவே முதல் தடவை. செங்கொடிக்குத் துணி அகப்படாமல் தம் மகளின் சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினார் என்று ஒரு கர்ண பரம்பரைச் செய்தி உண்டு. அதன் நிஜத்தை நிரூபிப்பது சரித்திரக்காரர் பாடு. ஐயத்துக்கு இடமில்லாமல் பதிவாகியிருப்பது கூட்டத்தின் தீர்மானம்: மே தினத்தைச் சர்க்கார் விடுமுறை நாளாக அறிவிக்க வேண்டும் என்பது.

அந்தத் தீர்மானத்தின் துணிச்சலை உணர வேண்டுமானால் அன்றைய சட்டம் என்ன சொல்லிற்று என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு முந்திய வருஷந்தான், 1922இல், தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, வயது வந்த தொழிலாளி நாளொன்றுக்கு 11 மணி நேரம், வாரத்துக்கு 60 மணி நேரம் வரை வேலை செய்யலாம் என்று வரம்பு கட்டப்பட்டிருந்தது. அதையே பெரிய தாராளமாகச் சர்க்கார் எண்ணியிருந்த காலம். 1934இல் அது வாரம் 54 மணியாயிற்று. 48 மணி என்ற வரம்பு 1946இல் வந்தது. அதற்கு வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகாவை வகித்து அடிகோலியவர் டாக்டர் அம்பேத்கர். அதே வருஷம் பிப்ரவரி மாதத்தில் சிங்காரவேலர் காலமானார். அவர் கேட்ட விடுமுறை அவர் கண்மூடும் வரையில் வரவில்லை.

அதன்பின் வந்த அங்கீகாரங்களின் வரிசை சற்று விசித்திரமானது. முதலில் வந்தது சிலை. 1959 ஜனவரி 25ஆம் தேதி, குடியரசு தினத்துக்கு முந்திய நாளில், மெரினாக் கடற்கரையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை நிறுவப்பட்டது. நாலு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். முதுகெலும்பும் விலாவும் கெண்டைக்காலும் அத்தனை நிஜமாக வார்க்கப்பட்டிருக்கின்றன. சென்னை ஓவியக் கல்லூரியின் தலைவராக நெடுங்காலம் இருந்த அந்த வங்காளக் கலைஞர், தேசத்தலைவர் எவருடைய சாயலையும் அதில் வைக்கவில்லை; பெயரில்லாத நாலு மனிதர்களை வைத்தார். அது பஸ் நிறுத்தத்துக்குப் பெயராகிப் போனதும், தினமும் எத்தனையோ தரம் கண்டக்டர்கள் 'உழைப்பாளர் சிலை இறங்கு' என்று கூவுவதும், எந்த அரசாணையாலும் தர முடியாத அங்கீகாரம் என்பது என் அபிப்பிராயம்.

சிலைக்குப் பத்து வருஷம் கழித்து விடுமுறை வந்தது. தி.மு.க. ஆட்சியில், 1969இல், கலைஞர் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, மே முதல் தேதி ஊதியத்துடன் கூடிய விடுமுறையாயிற்று. கடற்கரைத் தீர்மானத்துக்கும் இதற்கும் இடையே 46 வருஷங்கள். பிறகு பெயர்கள் வந்தன: ராஜாஜி சாலையிலுள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் சிங்காரவேலர் மாளிகை எனப் பெயர் பெற்றது; உயர்நீதிமன்றத்துக்குக் கிழக்கே ஓடும் அதே சாலையில்தான் அது இருக்கிறது என்பது பொருத்தமே. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கவர்னரின் பெயரால் நேப்பியர் பூங்கா என்று வழங்கி வந்த இடம் மே தினப் பூங்காவாயிற்று. பம்பாய்ப் பக்கத்தில் இதே தேதி விடுமுறையாக இருப்பதற்கு, 1960 மே முதல் தேதி மகாராஷ்டிரமும் குஜராத்தும் தனி மாநிலங்களானதும் ஒரு காரணம். நம்மிடத்தில் அந்த நாளுக்கு வேறு எந்தச் சாக்கும் கிடையாது, உழைப்பவன் நாள் என்பதற்காகவே அது விடுமுறை. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் ராஜாங்கங்களுக்குத் தெரியும்: திரிபுரா சர்க்கார் 2019ஆம் வருஷத்து விடுமுறைப் பட்டியலில் மே தினத்தைப் பொது விடுமுறையிலிருந்து நீக்கி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற வகையில் தள்ளிவிட்டது.

நம் ஊரிலும் அப்படியொரு சோதனை வந்தது. வந்தது எங்கோ அல்ல, நம்மை முன்னிட்டே வந்தது. 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, தமிழகச் சட்டமன்றக் கூட்டத் தொடரின் கடைசி நாளில், தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறிற்று. வேலை நேரம், வாராந்தர ஓய்வு, இடைவேளை ஆகியவை பற்றிய ஷரத்துக்களிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்களிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தரும் திருத்தம் அது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் என்பதே ஜனங்கள் அதற்கு வைத்த பெயர். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நாலு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்ந்திருக்கலாம், தொழிலாளி சம்மதித்தால்தான் என்று மந்திரிகள் சமாதானம் சொன்னார்கள். எலெக்ட்ரானிக்ஸ் முதலிய புதுத் தொழில்களை உத்தேசித்தே அந்தத் திருத்தம் என்றும் சொல்லப்பட்டது; அத்தகைய தொழில் இங்கே சுங்குவார்சத்திரத்திலும் ஒரகடத்திலும் இல்லாமல் வேறெங்கே இருக்கிறது? கூட்டணிக் கட்சிகளே சபையை விட்டு வெளியேறின. மூன்று நாள் கழித்துச் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் தேதியன்று, சிங்காரவேலர் கூட்டம் போட்டுச் சரியாக நூறு வருஷம் நிறைந்த தினத்தில், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் நின்று அது வாபஸ் என்று அறிவித்தார். ஒரு தகவலை மட்டும் இங்கே சேர்த்துச் சொல்ல ஆசைப்படுகிறேன்: ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துக் கல்தச்சர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுக் கருவிகளைக் கீழே போட்டுவிட்டு ஊர்வலம் போனதும் ஓர் ஏப்ரல் 21ஆம் தேதிதான், வருஷம் 1856. பஞ்சாங்கத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

அன்று சர்க்காரைப் பின்வாங்கச் செய்தது தொழிற்சங்கங்களின் எதிர்ப்பும் கூட்டணிக் கட்சிகளின் நிர்ப்பந்தமுமே என்பதை நான் மறைக்கவில்லை. ஆயினும் அந்த நாளும் அந்தப் பூங்காவும் இல்லாதிருந்தால், வாபஸ் என்பதை எந்த இடத்தில் நின்று சொல்லியிருப்பார்கள்? கோட்டையில் ஒரு பத்திரிகைக் குறிப்பாக வெளியிட்டிருப்பார்கள். ஒரு நாளுக்கு ஓர் இடம் இருந்தால், அந்த இடத்துக்குச் சர்க்கார் வந்து நின்று பதில் சொல்ல வேண்டியதாகிறது. இதுவே என் பேச்சின் மையம். மற்றவை இதற்கு வியாக்கியானம்.

நாளுக்கு ஓர் இடம் வேண்டும் என்பதற்கு ஓர் அயல்நாட்டு உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு துறைமுகப் பட்டணம் உண்டு. 1863 ஜனவரி முதல் தேதியே லிங்கன் அடிமை விடுதலைப் பிரகடனத்தை வெளியிட்டுவிட்டார். ஆனால் டெக்ஸாஸில் இருந்த அடிமைகளுக்கு அது கைகூட இரண்டரை வருஷமாயிற்று. 1865 ஜூன் 19ஆம் தேதி, கார்டன் கிரேஞ்சர் என்ற தளபதி கால்வெஸ்டனில் வந்திறங்கி, அடிமைகள் யாவரும் விடுதலை பெற்றவர்கள் என்று தம் மூன்றாம் இலக்க ஆணையை வெளியிட்டார். அந்த ஆணையின் பிற்பகுதியை அவசியம் படிக்க வேண்டும். விடுதலை பெற்றவர்கள் இருந்த இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யும்படி அதில் புத்திமதி சொல்லப்பட்டிருக்கிறது. ராணுவ முகாம்களில் வந்து கூடுவதற்கு அனுமதி இல்லை என்றும், சோம்பேறியாக இருப்பவரை யாரும் போஷிக்கமாட்டார்கள் என்றும் எச்சரிக்கையும் இருக்கிறது. சங்கிலியை அவிழ்த்த அதே கையால், கூட்டம் கூடாதே என்றும் எழுதினார்கள்.

அந்த ஜனங்கள் என்ன செய்தார்கள்? அடுத்த வருஷமே அந்தத் தேதியைக் கொண்டாடத் தொடங்கினார்கள். கொண்டாட இடம் வேண்டுமே! 1872இல், அருகேயுள்ள ஹூஸ்டன் நகரத்தில், தாமே அடிமையாக இருந்து மதபோதகரான ஜாக் யேட்ஸ் முதலியோர் முன்னின்று, ஆயிரம் டாலர் திரட்டிப் பத்து ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கி, விடுதலைப் பூங்கா என்று பெயரிட்டார்கள். இன்றும் அது இருக்கிறது. டெக்ஸாஸ் சர்க்கார் அந்த நாளை மாகாண விடுமுறையாக்கச் சட்டம் செய்தது 1979இல். ஆணை வெளியான இடமென்று கருதப்படும் கால்வெஸ்டன் தெருமூலையில் மாகாணச் சரித்திரக் குழு பெயர்ப்பலகை நட்டது 2014இல். அமெரிக்க தேசம் முழுமைக்கும் விடுமுறையானது 2021இல். சர்க்கார் அங்கீகாரத்தின் முதற்படி வருவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பாகவே, நிலம் ஜனங்கள் கைக்கு வந்துவிட்டது என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

இனி நம் பிரதேசத்துக்கு வருகிறேன். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியது முதல், 2006இல் நோக்கியா வந்து 2014இல் கதவைச் சாத்திக்கொண்டு போனது வரையிலும், ஒரகடத்தில் ரெனோ நிஸானும் டெய்ம்லரும் ராயல் என்ஃபீல்டும் வரிசையாக வந்து அமர்ந்தது வரையிலும் உள்ள கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெரம்பூர் ஆலையின் சங்கு ஓய்ந்துவிட்டது. சென்னையின் தொழிலாளி என்று சொன்னால் இன்று அவர் வல்லத்திலும் வடகாலிலும் மாம்பாக்கத்திலும் பிள்ளைப்பாக்கத்திலும் இருக்கிறார். சுங்குவார்சத்திரம் கூட்டு ரோட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தால் தெரியும்: கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்க, இரவு ஷிப்ட் முடித்த பெண்கள், கழுத்துப் பட்டையோடு தொங்கும் அடையாள அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, பஸ் கிளம்பு முன்பே தூங்கிப் போகிறார்கள்; எதிர் பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களின் தலையில் வைத்த பூ இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் தங்குவதற்கு வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட பெருங்குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உறங்க இடம் கொடுத்த சர்க்காரை நான் மெச்சுகிறேன்.

விடுமுறை இவர்களுக்கு உண்டா என்று கேட்டால், சட்டப்படி உண்டு. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958ஆம் வருஷத்தியது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி என்ற நான்கும், வேறு ஐந்து பண்டிகை நாள்களும் அதன்கீழ் வரும். அன்றைக்கு வேலைக்கு வரச் சொன்னால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் ஊதிய விடுமுறை தர வேண்டும். டைம் ஆபீஸ் பலகையில் வருஷத் தொடக்கத்தில் ஒட்டுகிறார்களே, அந்தப் பட்டியலைப் போய்ப் பாருங்கள். கான்ட்ராக்டில் வந்தவனுக்கும் ட்ரெய்னிக்கும் அந்தப் பட்டியல் பொருந்துமா என்ற கேள்வியை ஒவ்வொரு சூபர்வைசரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொல்வார். அது தனியே ஒரு பிரசங்கத்துக்கு உரிய விஷயம்.

எனக்குள்ள கவலை வேறு. விடுமுறை கிடைத்த தொழிலாளி அன்றைக்கு எங்கே போவான்? சிங்காரவேலருக்குக் கடற்கரை இருந்தது. யாரும் வேலி போடாத, வாடகை கேட்காத பெருவெளி அது. இங்கே? ஒரு காலத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் மேய்க்கால் புறம்போக்கும் களத்துமேடும் மந்தைவெளியும் இருந்தன; சர்க்காரின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட்டின் வரைபடத்தில் அவையெல்லாம் இலக்கமிட்ட மனைகளாகிவிட்டன. மதிற்சுவர், முள்கம்பி, நெடுஞ்சாலை, மறுபடி மதிற்சுவர். 2021 டிசம்பரில் இங்குள்ள பெண் தொழிலாளர் பலர் விடுதிச் சாப்பாட்டினால் நோய்வாய்ப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். போக்குவரத்துக்கு இடையூறு என்று பத்திரிகைகள் எழுதின; அந்தப் பெண்கள் உட்காருவதற்கு வேறு எந்த இடம் இருந்தது என்று எழுதின பத்திரிகையை நான் பார்க்கவில்லை. 2024 செப்டம்பர் 9ஆம் தேதி சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. ஊதியம் முதலிய கோரிக்கைகள் இருந்தாலும், தங்கள் சங்கத்தைச் சங்கமென்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. எச்சூரில் பந்தல் போட்டார்கள்; அனுமதியின்றிக் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போக முயன்றதாக நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடித்து வைக்கப்பட்டார்கள்; அக்டோபரில் போலீஸார் பந்தலையும் பிரித்தார்கள். சங்கம் 2025 ஜனவரியில் பதிவாயிற்று. இந்தத் தேசத்தில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது 1926இல் என்பதை நினைத்தால், ஒரு பதிவுக்கு இத்தனை பாடா என்று ஆயாசமாக இருக்கிறது.

இன்னொன்று. 1923இல் கூட்டம் நடந்த கடற்கரைக்கே போகலாமே என்று யாராவது சொல்லலாம். மெரினாவில் போராட்டத்துக்கு இடமில்லை என்பது போலீஸின் நெடுநாளைய நிலைப்பாடு. 2018இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. உழைப்பாளர் சிலைக்கு மாலை போடலாம். அதன் நிழலில் சிங்காரவேலர் செய்ததைச் செய்ய முடியாது.

இந்த ஸ்ரீபெரும்புதூருக்கு நினைவைப் போற்றத் தெரியாமல் இல்லை. உடையவராகிய ராமானுஜர் அவதரித்த தலம். சித்திரைத் திருவாதிரை உற்சவத்துக்குத் தேசாந்தரங்களிலிருந்து வருகிறார்கள். அது சில வருஷங்களில் மே தினத்தை ஒட்டியே வருகிறது. அந்த மகான் மேல்கோட்டையில் இருந்த காலத்தில், தீண்டாதவரென்று ஒதுக்கப்பட்டிருந்த ஜனங்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, உற்சவத்தை ஒட்டிய சில நாள்கள் மட்டும் கோயிலுக்குள் வர வழி செய்தார் என்பது வைணவ மரபு. வருஷத்தில் சில நாள்தானே என்று இன்று நாம் குறை சொல்லலாம். ஆனால் அந்தச் சில நாளுக்கு, நுழைவதற்கு ஒரு வாசல் இருந்தது. 1991 மே 21ஆம் தேதி இவ்வூரில் உயிரிழந்த ராஜீவ் காந்திக்கும் விஸ்தாரமான நினைவிடம் இருக்கிறது. இரண்டும் முறையானவையே. தொழிலாளிக்கு என்று ஒரு கல்லாவது நட்டிருப்பதாக என் கண்ணில் படவில்லை. கல் வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

நான் கேட்பது மைதானம். ஹூஸ்டனில் அடிமைகளாக இருந்தவர்கள் வாங்கியது பத்து ஏக்கர். கம்பெனி கம்பெனியாக நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒதுக்கத் தெரிந்த சிப்காட்டுக்குப் பத்து ஏக்கர் ஒரு பொருட்டா? சுங்குவார்சத்திரத்துக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, கம்பெனி பஸ் நின்று போகும் சாலையோரமாக இருக்கட்டும். வேம்பும் புங்கமும் வைக்கட்டும். சித்திரை வெயிலில் பேச்சாளனுக்குப் பந்தல் போட்டுவிட்டுக் கேட்பவர்களை வெயிலில் நிறுத்துவது நம் தேசத்து வழக்கம், அது இங்கே வேண்டாம். குடிநீர்க் குழாயும், பெண்களுக்குக் கதவுள்ள, தாழ்ப்பாளுள்ள கழிப்பறைகளும் அவசியம். மே முதல் தேதியன்று அங்கே கூட எவரும் எவரிடமும் அனுமதி மனு எழுத வேண்டியதில்லை என்று அரசாணையிலேயே இருக்க வேண்டும். மற்ற நாள்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடட்டும். வாசலில் ஒரு பலகை: 1923இல் சென்னைக் கடற்கரையில் நிறைவேறிய தீர்மானத்தின் வாசகம், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும்.

இந்தக் கோரிக்கையை முதலமைச்சருக்கும் தொழில்துறைக்கும் அனுப்ப ஒரு விண்ணப்பம் தயாராக இருக்கிறது. வாசலருகே மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் கையெழுத்திடலாம், நிரந்தரம், கான்ட்ராக்ட், ட்ரெய்னி என்ற பேதம் அதில் கிடையாது. கம்பெனிப் பெயரும் டோக்கன் நம்பரும் எழுத வேண்டாம். உங்கள் பெயரும் ஊரும் போதும்.